இரவல் வாங்கிய வீணை உடைந்தால் பெற்றோர் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

நீங்கள் எழுதியதன் சாரம் இது. 11 வயது மகள் வீணை கற்கும் தனியார் இசைப் பள்ளி, வீட்டில் சாதகம் செய்ய ஒரு வீணையை வாடகை இல்லாமல் கொடுத்திருக்கிறது. 5,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, 'கருவிக்கு எந்தச் சேதம் ஏற்பட்டாலும் பெற்றோரே முழுப் பொறுப்பு, புதுக் கருவியின் விலையைச் செலுத்த வேண்டும்' என்ற படிவத்தில் உங்களிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறது. மகள் வாசித்து முடித்து வீணையைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போக, 4 வயதுத் தம்பி உறையைப் பிடித்து இழுக்க, அது தரையில் விழுந்து குடமும் (உருண்டையான அடிப்பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்து) சேரும் இடத்தில் விட்டுப்போயிற்று. 8 வருடப் பழைய வீணைக்கு இப்போது 45,000 ரூபாய் கேட்கிறார்கள். 'குழந்தை செய்ததற்குத் தாய் சட்டப்படி பொறுப்பா?' என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது 45,000-ஐக் கொடுத்தே ஆகவேண்டுமா என்பதுதான். இரண்டும் வேறு வேறு கேள்விகள், பதிலும் வேறு வேறு.

சட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு அவசர வேலை. வீணையை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே பல கோணங்களில் படம் எடுத்துவிட்டு, 7 தந்திகளையும் பிரடையை (தந்தியை முறுக்கும் முளை) திருப்பித் தளர்த்துங்கள். ஒரே தந்தியை முழுக்க இறக்காமல், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றாக இறக்குங்கள். தந்தி இழுவிசையோடு இருக்கும்வரை விட்டுப்போன மூட்டை அது மேலும் மேலும் பிளந்துகொண்டே இருக்கும். இன்றைக்குப் பசை போட்டால் சரியாகும் உடைப்பு, ஒரு வாரத்தில் மரமே கிழிந்த உடைப்பாகிவிடும். சிதறிய சிறு சிம்புகளைக்கூட ஒரு கவரில் போட்டு வையுங்கள். வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம், மெட்டுகள் (தண்டியின்மேல் வரிசையாக நிற்கும் உலோகப் பட்டிகள்) உட்கார்ந்திருக்கும் மெழுகு இளகும். வீட்டில் யாராவது ஃபெவிகாலோ அரால்டைட்டோ போட்டு ஒட்டப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். அது மரத்தின் நாருக்குள் இறங்கி இறுகிவிட்டால், வீணை ஆசாரி அதைச் சுரண்டி எடுக்கும்போது நல்ல மரமும் சேர்ந்து போகும். அப்படி ஆன சேதத்துக்கு நீங்கள் மட்டுமே பொறுப்பு, அதில் வாதத்துக்கே இடமில்லை.

இப்போது முதல் கேள்வி. பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை செய்த சேதத்தைப் பெற்றவர் தலையில் கட்டும் பொதுச் சட்டம் இந்தியாவில் கிடையாது. பிரான்சில் உண்டு. அங்கே சிவில் சட்டத் தொகுப்பின் 1242-ஆம் பிரிவு, மைனர் பிள்ளை செய்த சேதத்துக்குப் பெற்றோரைப் பொறுப்பாக்குகிறது. இங்கே பெற்றோர் பொறுப்பாவதற்கு அவர்களுடைய சொந்தக் கவனக்குறைவோ சொந்த ஒப்பந்தமோ இருக்க வேண்டும். பிள்ளைகளோடும் ஒப்பந்தம் செய்ய முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி 18 வயது நிரம்பாதவருக்கு அந்தத் தகுதி இல்லை. மைனர் செய்யும் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903-இல் மொஹரி பீபி வழக்கில் சொன்னது இன்றுவரை நிற்கிறது. ஆகவே உங்கள் மகள் மட்டும் கையெழுத்துப் போட்டு வீணையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால், பள்ளியின் கையில் இருப்பது வெறும் காகிதம்தான்.

ஆனால் வாங்கியது நீங்கள். திரும்பத் தரும் நிபந்தனையோடு ஒரு பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பதைச் சட்டம் பெயில்மென்ட் என்கிறது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆம் பிரிவிலிருந்து அந்த அத்தியாயம் தொடங்குகிறது. வாடகை கொடுக்கவில்லை என்பதால் பொறுப்பு குறையாது. 151-ஆம் பிரிவு எல்லா ஒப்படைப்புக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர், அதே சூழ்நிலையில், அதே பருமனும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனம். அந்தக் கவனம் எடுத்தும் பொருள் கெட்டிருந்தால், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பொறுப்பு இல்லை என்கிறது 152. கவனமாகத்தான் இருந்தோம் என்று காட்ட வேண்டியது வாங்கியவர், அதாவது நீங்கள். பள்ளி தரப்பில் 'நல்லபடியாகக் கொடுத்தோம், உடைந்து வந்தது' என்று சொன்னாலே போதும்.

இதனால்தான் 'தப்பு பெரியவள்மீதா, சின்னவன்மீதா' என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை என்கிறேன். வீணை உங்கள் பொறுப்பில் இருந்தது. வீட்டுக்குள் யார் கைபட்டாலும் அது உங்கள் பராமரிப்புக்குள்தான் வரும். 4 வயதுக் குழந்தை இழுக்கும் என்பது எதிர்பாராத விபத்தும் அல்ல. கட்டில் விளிம்பில், உறை தொங்க, சின்னப் பிள்ளை ஓடும் அறையில் விட்ட வீணையை 'சாதாரண விவேகமுள்ளவர் தன் சொந்த வீணையை வைக்கும் விதம்' என்று வாதிடுவது கஷ்டம். வீணைக்கு இடம், நடமாட்டம் இல்லாத மூலையில் தரையில் விரித்த பாய், அல்லது மூடிய பெட்டி. மெனக்கெட்டு அலமாரிமேல் ஏற்றி வைக்கவும் கூடாது, இறக்கும்போது தண்டியைப் பிடித்துத் தூக்கினால் வீணை உடையலாம். இதுவே பூகம்பத்திலோ, வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தோ, பூட்டிய வீட்டை உடைத்த திருட்டிலோ போயிருந்தால் 152-ஆம் பிரிவு உங்கள் பக்கம் பலமாக நின்றிருக்கும். உங்கள் விஷயத்தில் 'கவனமாகவே இருந்தேன்' என்ற வாதத்தை நம்பி நீதிமன்றம் போகச் சொல்ல மாட்டேன்.

படிவத்தை மறுபடி எடுத்துப் படிக்கும்போது இரண்டு வரிகளைத் தேடுங்கள். 'மாணவி மட்டுமே உபயோகிக்க வேண்டும்' என்றோ 'வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது' என்றோ இருக்கிறதா என்பது ஒன்று. 154-ஆம் பிரிவின்படி, நிபந்தனைக்கு மாறாக உபயோகித்தபோது சேதம் ஏற்பட்டால், எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் வாங்கியவரே பொறுப்பு. சட்டமே அதற்கு ஒரு உதாரணம் தருகிறது: தான் மட்டும் சவாரி செய்ய ஒருவர் குதிரையை இரவல் வாங்கி, தன் குடும்பத்தாரில் ஒருவரை ஏறவிடுகிறார். அவர் ஜாக்கிரதையாகத்தான் ஓட்டுகிறார், ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. நஷ்டஈடு கொடுத்தே ஆகவேண்டும். வீணையில் தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கும் 'குதிரை' என்றுதான் பெயர், ஆகவே இந்த உதாரணம் மறக்காது. நவராத்திரிக்கு அத்தை வீட்டுக் கொலுவில் வாசிக்க எடுத்துப் போவது, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆசையாகக் கேட்டால் மடியில் வைத்துக் கொடுப்பது எல்லாம் இந்த வகையில் விழும். உங்கள் மகன் வீணையை வாசிக்கவில்லை, இழுத்தான். அதை 'உபயோகம்' என்று சொல்ல முடியாது என்பதால் 154 உங்கள்மீது பாயாது என்பது என் கருத்து.

இன்னொரு வரி, திருப்பித் தர வேண்டிய தேதி. குறித்த நாளில் திருப்பாமல் வைத்திருந்து, அதற்குப் பிறகு பொருள் கெட்டால், 161-ஆம் பிரிவின்படி யார் தவறு என்ற விசாரணையே இல்லாமல் வாங்கியவர் பொறுப்பு. ஏப்ரலில் தவணை முடிந்தும் 'கோடை விடுமுறையிலும் வாசிக்கட்டும்' என்று வாய்மொழியில் மட்டும் சொல்லி வைத்திருந்தால், அந்த வாய்மொழிக்கு ஒரு வாட்ஸ்ஆப் செய்தியாவது சாட்சியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் கையெழுத்து. 'எந்தச் சேதம் ஏற்பட்டாலும் முழுப் பொறுப்பு' என்பதை 152-ஆம் பிரிவு சொல்லும் தனி ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ள முடியும். எடுத்துக்கொண்டால் கவனம், கவனக்குறைவு என்ற பேச்சுக்கே இடம் இல்லாமல் நீங்கள் பொறுப்பாகிறீர்கள். இது வாசகத்தைப் பொறுத்த விஷயம். எல்லாப் படிவத்துக்கும் ஒரே பதில் இல்லை, உங்கள் படிவத்தின் முழு வாசகத்தையும் நான் பார்க்கவில்லை. ஆனால் 'பொறுப்பு' என்பது ஒன்று, 'எவ்வளவு' என்பது இன்னொன்று. பள்ளிகள் இந்த இரண்டையும் ஒரே வரியில் கட்டிவிடுகின்றன. சட்டம் அப்படிக் கட்டவிடுவதில்லை. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகையை முன்கூட்டியே எழுதியிருந்தாலும், 74-ஆம் பிரிவின்படி கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே. எழுதிய தொகை உச்சவரம்பு, அதைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலும், 2015-இல் கைலாஷ்நாத் வழக்கிலும் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. முன்பணத்தைப் பறிமுதல் செய்வதற்கும் இதே விதிதான். 'இது அபராதத் தொகை அல்ல, ஈடு செய்வதாக நீங்கள் தந்த உறுதிமொழி' என்று பள்ளி வக்கீல் சொல்லலாம். சொன்னாலும் ஈடு செய்வது ஏற்பட்ட நஷ்டத்தைத்தான். 8 வருடம் வாசித்த வீணைக்குப் பதில் புது வீணை கொடுத்தால் அது நஷ்டத்தை ஈடு செய்வது ஆகாது, லாபம் சேர்த்துக் கொடுப்பது ஆகும்.

எனவே நஷ்டம் எவ்வளவு என்பதை வீணையே சொல்ல வேண்டும். முதலில் அது ஒட்டு வீணையா, ஏகாண்ட வீணையா என்று பாருங்கள். பள்ளிகள் இரவல் கொடுப்பவை பெரும்பாலும் ஒட்டு வீணைகள். குடம், தண்டி, யாளி (தண்டியின் முனையில் உள்ள யாளித் தலை) மூன்றையும் தனித்தனியாகப் பலா மரத்தில் செய்து சேர்த்திருப்பார்கள். அதில் குடமும் தண்டியும் சேரும் மூட்டு விட்டுப்போவது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், வீணைக்கு வரக்கூடிய பெரிய உடைப்புகளில் நல்லபடியாகச் சரிசெய்யக்கூடியது அதுதான். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை அதே இடத்தில் முறிந்தால் கதை வேறு. அங்கே மூட்டே கிடையாது, மரம்தான் முறிந்திருக்கிறது. அதேபோல் குடத்தில் விரிசல் ஓடியிருந்தால் நாதம் குறையும் வாய்ப்பு உண்டு, ஒட்டினாலும் மதிப்பு பழைய நிலைக்கு வராமல் போகலாம். குடத்தை விரலால் மெதுவாகச் சுற்றித் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் 'டப் டப்' என்று செத்த சத்தம் வந்தால் அங்கே விரிசலோ, பலகை விட்டதோ இருக்கக்கூடும்.

அடுத்து, திறந்த மூட்டின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், படமும் எடுங்கள். நார் நாராகக் கிழிந்து, வெளிறிய புது மர நிறம் தெரிந்தால் இந்த விழுதலில் ஏற்பட்டது. வழவழவென்று, பழுப்பேறிய பழைய பசையோடு சுத்தமாகப் பிரிந்திருந்தால், பசை ஏற்கெனவே பிடிமானம் இழந்திருக்கிறது. உள்ளே தூசியோ கறுத்த கோடோ, மெருகு எண்ணெய் இறங்கிய தடமோ இருந்தால் அந்த விரிசல் விழுவதற்கு முன்பே இருந்தது. மூட்டு மெல்ல விடும் வீணையில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே இடைவெளி கூடிக்கொண்டே போகும், அழுத்திப் பிடிக்கக் குழந்தை சிரமப்படும், சுருதி நிற்காது. மகள் இதைப் பற்றி வகுப்பில் எப்போதாவது புகார் சொன்னாளா என்று கேளுங்கள். தனக்குத் தெரிந்த குறையைச் சொல்லாமல் பொருளைக் கொடுத்தவர், அந்தக் குறையால் நேர்ந்த சேதத்துக்குத் தானே பொறுப்பு என்கிறது 150-ஆம் பிரிவு. கட்டில் உயரத்திலிருந்து விழுந்தால் நல்ல வீணையும் அடிபடும்தான், ஆகவே இதை வைத்து முழுத் தொகையும் தள்ளுபடி ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். தொகை குறைய வலுவான காரணம், அவ்வளவே.

கணக்கை இப்படிப் போடுங்கள். பழுது பார்க்கும் செலவு ஒரு பக்கம். விழுவதற்கு முந்தைய நாள் அந்த வீணை, அந்த வயதில், அந்த நிலையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது குறைவோ, பெரும்பாலும் அதுவே நியாயமான இழப்பீடு. பழுது பார்த்தபின்னும் மதிப்பு குறைந்து நிற்குமானால் அந்தக் குறைவையும் சேர்க்க வேண்டும். பேச்சுக்கு, பழைய வீணையின் மதிப்பு 22,000, பழுதுச் செலவு 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10,000-த்துக்குள்ளும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூட்டைச் சேர்த்தபின் தண்டியின் நேர்கோடு இம்மியளவு மாறினாலும் 24 மெட்டுகளும் சுருதி விலகும். அதனால் பழைய மெழுகை எடுத்துவிட்டு மேளம் கட்ட (புது மெழுகில் மெட்டுகளைச் சுருதிப்படி மறுபடி பொருத்த) வேண்டும், புதுத் தந்தி போட வேண்டும், குதிரைமேல் உள்ள உலோகத் தகட்டைத் தேய்த்து நாதம் சரிசெய்ய வேண்டும். பல நேரம் பசை வேலையைவிட இதற்கே கூலி அதிகம். ஆனால் மெழுகு எப்படியும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, தந்தி அதைவிட அடிக்கடி. கடைசியாக எப்போது மேளம் கட்டினார்கள் என்று கேட்டு, 'ரொம்ப நாள் ஆயிற்று' என்பது பதிலானால், அந்தச் செலவில் ஒரு பங்கு பள்ளியுடையது. மூட்டைச் சேர்க்கும் கூலி உங்களுடையது. மதிப்பீட்டை இருவரிடம் வாங்குங்கள், ஒருவர் பள்ளி சொல்பவராக இருக்கட்டும், இன்னொருவர் நீங்கள் தேடிய வீணை ஆசாரியாக இருக்கட்டும். மூட்டு, மேளம், தந்தி, மெருகு என்று கூலியைத் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை எழுதிய சீட்டு பேரத்துக்கு உதவாது.

தேய்மானத்தையும் சேதத்தையும் பிரிப்பது எல்லாக் கருவிக்கும் பொருந்தும். மெட்டுகளில் தந்தி பட்ட தடம், நழுவும் பிரடை, மிருதங்கத்தில் வாசித்துப் பெயர்ந்த சோறு (தோலின் நடுவில் உள்ள கறுப்புப் பூச்சு), வயலின் வில்லில் உதிர்ந்த முடி ஆகியவை உபயோகத்தால் வருபவை, வேறு பேச்சு எழுத்தில் இல்லாவிட்டால் அவற்றைக் கொடுத்தவர் ஏற்க வேண்டும். மழையில் நனைந்த மிருதங்கத் தோல், வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்து பசை விட்ட வயலின் இவை கவனக்குறைவு. பள்ளிக்குள் பயிற்சியின்போதோ, பள்ளி ஏற்பாட்டில் போன நிகழ்ச்சியிலோ உடைந்தது என்றால், கருவி அந்த நேரத்தில் உங்கள் கையில் இல்லவே இல்லை என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.

காப்பீடு கைகொடுக்குமா என்று யோசிக்கலாம். வழக்கமான வீட்டுத் தீக்காப்பீடு, கட்டிலிலிருந்து விழுந்து உடைந்ததற்குத் தராது. போலீஸில் புகார் கொடுப்போம் என்று யாராவது மிரட்டினால் அசர வேண்டாம். 7 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது என்று இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவே சொல்கிறது. இது பணத் தகராறு மட்டுமே. வழக்குப் போடப் பள்ளிக்குப் பொதுவாக 3 வருடம் அவகாசம் உண்டு, ஆகவே 'பேசாமல் இருந்தால் மறந்துவிடுவார்கள்' என்பதும் நல்ல யோசனை அல்ல.

பள்ளிக்கு இன்றே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் நான்கு வரி. தந்தி தளர்த்திப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வந்து பார்க்கலாம் என்று ஒரு வரி. வீணை வாங்கிய வருடம், அன்றைய விலை, இருப்புப் பதிவேட்டின் நகல், கடைசியாகப் பழுது பார்த்த ரசீது ஆகியவற்றைத் தரும்படி ஒரு வரி. என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, நியாயமான பழுதுச் செலவை ஏற்கத் தயார் என்று ஒரு வரி. 'தவறு முழுக்க என்னுடையது, கேட்டதைத் தருகிறேன்' என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிடாதீர்கள். பள்ளி இனிமேல் கருவி இரவல் தர மறுக்கலாம், அது அவர்கள் உரிமை. பாக்கித் தொகைக்காக மகளை வகுப்பிலிருந்து நிறுத்துவோம் என்றால், அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது.

பேசித் தீரவில்லை என்றால் வக்கீலுக்குச் செலவழிக்கும் முன் உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடாமலே மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பி இரு தரப்பையும் உட்காரவைப்பார்கள், கட்டணம் கிடையாது. அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதன்மேல் அப்பீல் இல்லை, ஆகவே இரண்டு மதிப்பீட்டுச் சீட்டுகளும் கையில் இல்லாமல் போகாதீர்கள்.

பணம் கொடுக்கும்போது 5,000 முன்பணத்தைக் கழித்தே கொடுங்கள். 'இந்த வீணை தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியோடு ரசீது வாங்குங்கள். ஒருவேளை பள்ளி பிடிவாதமாக முழு விலைதான் வேண்டும் என்று நின்று, நீங்களும் சண்டை வேண்டாம் என்று அதைக் கொடுக்க முடிவு செய்தால், அந்த உடைந்த வீணையை உங்களிடமே விட வேண்டும் என்று கேளுங்கள். விலையையும் வாங்கிக்கொண்டு வீணையையும் வைத்துக்கொள்வது நியாயமாகாது. இதைப் பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லிப் பாருங்கள். சரிசெய்தால் இன்னும் பல வருடம் வாசிக்கக்கூடிய வீணை கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால், 45,000 என்ற பேச்சு தானாகவே பழுதுச் செலவுக்கு இறங்கி வரும்.